‘நிறைவேறியது’ என்று எழுதுவதற்கு முன்

வாசகர் கடிதம்:

அம்மா, வணக்கம். முதன்முறையாகத் தேர்வான ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது 27. பேரவை கூடி முடியும்போதெல்லாம் என்னென்ன மசோதாக்கள் வந்தன, நம் தொகுதிக்காரர்களுக்கு அவற்றால் என்ன என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதி ஊர் ஊராகக் கொடுக்க வேண்டும் என்று எம்.எல்.ஏ. விரும்பினார். முதல் கடிதத்தில் ஒரு மசோதாவைப் பற்றி, ‘சட்டம் நிறைவேற்றப்பட்டுவிட்டது, இனி நீங்கள் பயன்பெறலாம்’ என்று எழுதினேன். அடுத்த வாரமே பத்துப் பதினைந்து பேர் தாலுகா அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். ‘எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை’ என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வந்த ஒரு வயதான அம்மா, மஞ்சப்பையில் ஆவணங்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ‘இது நீங்க எழுதுனதுதானே தம்பி?’ என்று என் கடிதத்தையே நீட்டினார். எனக்கு வாய் எழவில்லை. மசோதா பேரவையில் நிறைவேறியது உண்மைதான். பிறகு நான் எங்கே தவறினேன்? ‘இனிமேல் கடிதமே வேண்டாம்’ என்கிறார் எம்.எல்.ஏ. இதை எப்படித்தான் எழுதுவது? (எந்த மசோதா என்பதை வெளியிட வேண்டாம்.)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேரவைச் செயலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ உறுப்பினர்கள் வந்தார்கள், போனார்கள். கூட்டத்தொடரில் என்ன நடந்தது என்று தொகுதி மக்களுக்கு எழுத்தில் சொல்ல நினைத்தவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால் முதலில் உங்கள் எம்.எல்.ஏ.விடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: கடிதத்தை நிறுத்தாதீர்கள். ஒரு கடிதத்தை நம்பி ஓர் அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் என்றால், உங்கள் எழுத்துக்கு அந்த ஊரில் மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பைக் காப்பாற்றும் விதத்தில் அடுத்த கடிதம் இருக்க வேண்டும்.

நீங்கள் தவறியது ஒரே ஒரு சொல்லில். ‘மசோதா நிறைவேறியது’ என்று எழுதியிருந்தால் அது சரி. நீங்கள் ‘சட்டம் நிறைவேற்றப்பட்டுவிட்டது’ என்று எழுதி, அதோடு ‘இனி பயன்பெறலாம்’ என்றும் சேர்த்துவிட்டீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கலாம், சில ஆண்டுகள் இருக்கலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம். பேரவையில் குரல் வாக்கெடுப்பு முடிந்து, ‘சட்டமுன்வடிவு நிறைவேற்றப்பட்டது’ என்று பேரவைத் தலைவர் அறிவிக்கும்போது அங்கே கையில் இருப்பது இன்னும் முன்வடிவுதான். நமது அலுவல் மொழியில் அதைச் சட்டமுன்வடிவு என்று அழைப்பதே எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பத்திரிகைகள் மசோதா என்கின்றன. உங்கள் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆளுநரின் ஒப்புதல் வந்து அரசிதழில் வெளியாகும்வரை ‘சட்டம்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

இதில் நம் தமிழ்நாட்டிலேயே எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை நினைவுபடுத்துகிறேன். உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி செய்கிறது என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள், 24-ஆம் தேதி, அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஏப்ரல் 22 அன்று ‘புதிய சட்டம் வந்துவிட்டது’ என்று ஒருவர் தொகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தால், அது அச்சகத்திலிருந்து வருவதற்குள் பொய்யாகியிருக்கும்.

இன்னொன்று ஆன்லைன் சூதாட்டத் தடை. 2022 அக்டோபரில், பேரவை கூடாத நேரத்தில் ஆளுநர் வழியாக வரும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதே மாதம் 19-ஆம் தேதி அதற்குப் பதிலான மசோதா பேரவையில் நிறைவேறியது. பேரவை மறுபடி கூடியதிலிருந்து ஆறு வாரம்தான் அவசரச் சட்டத்துக்கு ஆயுள். நவம்பர் இறுதியில் அது காலாவதியானது. மசோதாவோ ஆளுநர் மாளிகையில் இருந்தது. 2023 மார்ச்சில் அதை அவர் திருப்பி அனுப்ப, மார்ச் 23 அன்று பேரவை மறுபடியும் நிறைவேற்ற, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. நடுவே இருந்த அந்த மாதங்களில், ‘தடை வந்துவிட்டதே, என் மகன் இன்னும் விளையாடுகிறானே’ என்று கேட்ட பெற்றோர் எத்தனை பேர்! அவர்களுக்குச் சரியான பதில், ‘தடை இன்னும் அமலில் இல்லை’ என்பதுதான். அதைச் சொல்லத் துணிந்தவர்கள் குறைவு. கதை அங்கேயும் முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. ஆக, ஒரு சட்டத்தைப் பற்றி ஒரு முறை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நீதிமன்றம் ஒரு பகுதியை நீக்கினால், அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்திலேயே ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. பெயரில் 2022 என்று இருக்கும். சட்ட எண்ணோ ‘2023-ஆம் ஆண்டின் 9’. பெயர் மசோதாவின் ஆண்டைச் சுமக்கிறது, எண் ஒப்புதல் கிடைத்த ஆண்டைச் சுமக்கிறது. நீங்கள் எழுதப் போகும் ஒன்றுக்கு மசோதா எண் மட்டும் இருந்து சட்ட எண் இல்லை என்றால், அது இன்னும் சட்டமாகவில்லை. அரசிதழிலும் இப்படியே பார்க்கலாம். நான்காம் பகுதியின் முதல் பிரிவில் மசோதாக்கள் வெளியாகும். இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் வெளியாகும். எழுத உட்காரும் முன் இந்தப் பக்கத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு இரவு தூக்கம் கெடாது.

சட்ட எண் கிடைத்தவுடன் ‘பயன்பெறலாம்’ என்று எழுதிவிடலாமா என்றால், அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. உங்களிடம் வந்த அந்த வயதான அம்மா விழுந்தது அதில்தான் என்று நினைக்கிறேன். பல சட்டங்களின் முதல் பிரிவில், ‘அரசு அறிவிக்கை வழியாகக் குறிப்பிடும் தேதியில் அமலுக்கு வரும்’ என்றொரு வரி இருக்கும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரில் 2017 என்று இருக்கிறது. அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22-இல். இடையில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய எங்கே போவது என்று கேட்டு வந்தவர்களுக்குக் காட்ட ஓர் அலுவலகமும் இல்லை, ஒரு படிவமும் இல்லை. சட்டம் உயிரோடு இருந்தது, நடமாட்டம் இல்லை. அமல் தேதி, அதன் கீழ் விதிகள், மனுவைப் பெறும் அதிகாரி யார் என்ற அரசாணை, இவை வந்த பிறகே தாலுகா அலுவலக ஊழியருக்கு அந்தச் சட்டம் ஒரு வேலையாக மாறுகிறது. ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்று அவர் சொன்னதில் தப்பில்லை. உண்மையிலேயே அவருக்கு எதுவும் போயிருக்காது.

ஆளுநரிடம் இருக்கும் மசோதாக்களைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. நம் மாநிலத்தில் இது சூடான பேச்சு. அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவு, ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கலாம் என்று சொல்கிறது. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. 2023 நவம்பரில் திருப்பி அனுப்பப்பட்ட பத்து மசோதாக்களைப் பேரவை அந்த மாதம் 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றியது. அவை குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கப்பட்டன. இது பற்றிய வழக்கு ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்து, காலக்கெடுவும் வகுத்தது. பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு விதமாகப் பதில் சொன்னது. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளவும் முடியாது, ஆனால் காரணமே இல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கும்படி சொல்லலாம் என்பது அந்தக் கருத்தின் சாரம்.

இதில் எது சரி என்பதில் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு உறுதியான கருத்து இருக்கும், இருக்கட்டும். அதை மேடையில் பேசட்டும். கடிதத்தில் தொகுதிக்காரருக்குத் தேவை இரண்டு தகவல்: எந்தத் தேதியில் ஆளுநருக்கு அனுப்பப்பட்டது, இன்று யார் கையில் இருக்கிறது. ‘விரைவில் ஒப்புதல் கிடைக்கும்’ என்று எழுத உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நீட் விலக்கு மசோதாதான் நினைவுக்கு வருகிறது. 2021 செப்டம்பரில் நிறைவேறி, திருப்பி அனுப்பப்பட்டு, 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடி நிறைவேறி, டெல்லிக்குப் போய், 2025 ஏப்ரலில் ஒப்புதல் மறுக்கப்பட்டதாகப் பேரவையிலேயே அறிவிக்கப்பட்டது. முதல் முறை நிறைவேறியபோது பிளஸ் டூ படித்த பிள்ளைகள் அதற்குள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டின் முடிவுக்கே வந்துவிட்டார்கள். ‘விலக்கு வந்துவிடும்’ என்று நம்பி, பயிற்சிக்குப் போகாமல் விட்ட பிள்ளை ஒன்று இருந்தாலும், அந்த நம்பிக்கையை ஊட்டியவர்களுக்கு அதில் பொறுப்பு உண்டு. மசோதாவை ஆதரிப்பது வேறு, அது எங்கே நிற்கிறது என்று சொல்வது வேறு. ஆதரிப்பவர்தான் இன்னும் நேர்மையாக இரண்டாவதைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

மசோதாவே இல்லாதவற்றையும் மக்கள் சட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சர் விவாதமின்றி வாசிக்கும் அறிவிப்பு, துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அமைச்சர் சொல்லும் அறிவிப்பு, இவை அரசாணையாகி நிதி ஒதுக்கப்பட்ட பிறகே தரையில் தெரியும். பாலம், பள்ளி தரம் உயர்வு, புது பஸ் தடம் என்று உங்கள் தொகுதிக்காரர் அதிகம் கேட்பதும் இவற்றைத்தான். ‘அறிவிக்கப்பட்டது, அரசாணை இன்னும் வரவில்லை’ என்று எழுதப் பழகுங்கள். தீர்மானம் இன்னொரு வகை. கச்சத்தீவை மீட்கக் கோரி 2025 ஏப்ரலில் பேரவை தீர்மானம் போட்டது. அது ஒன்றிய அரசுக்குப் பேரவை தெரிவிக்கும் கருத்து. கனமானதுதான், ஆனால் அதனால் யாருக்கும் சட்டப்படி கட்டாயம் வராது.

இனி, எழுதும் முறை. உங்கள் முதல் கடிதத்தின் நகலை இணைத்திருந்தீர்கள். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்ற சொல் இரண்டு பக்கத்தில் நான்கு முறை வருகிறது. மசோதா யாருக்குப் பொருந்தும் என்ற வரி ஒன்றுகூட இல்லை. அந்த வாடகை மசோதா நிறைவேறிய காலத்தில் நான் ஒரு தொகுதிக்கு எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“வாடகைக்கு வீடு விடுவோர், வாடகைக்கு இருப்போர் தொடர்பான மசோதா பேரவையில் நிறைவேறியிருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். இது இன்னும் அமலுக்கு வரவில்லை. அமலாகும் தேதியை அரசு பிறகு அறிவிக்கும். அதுவரை நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. இதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், நம் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தேதி வந்ததும் மறுபடி எழுதுகிறேன்.”

கடைசி வரிக்கு முந்தைய வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். அரைகுறைச் செய்தி பரவும் இடத்தில் தரகர் முளைத்துவிடுவார். ‘புதுச் சட்டம் வந்திருக்கு, ஐந்நூறு ரூபாய் கொடு, பெயரைச் சேர்த்துவிடுகிறேன்’ என்பார். உங்கள் கடிதத்தையே அவர் கையில் வைத்துக் காட்டுவார். இப்படி ஏமாந்தவர்களின் மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். ‘இப்போது எதுவும் செய்ய வேண்டாம்’ என்ற ஒரு வரி அந்த வாசலை அடைத்துவிடும்.

அடுத்து, ‘நம் எம்.எல்.ஏ. கொண்டுவந்த சட்டம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். மசோதாக்களை அறிமுகம் செய்பவர்கள் ஏறக்குறைய எப்போதும் அமைச்சர்கள்தான். குரல் வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்றவர்களின் பெயர்ப் பட்டியல் பதிவாவதில்லை. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். 234 பேரில் ஒருவரான உங்கள் எம்.எல்.ஏ. உண்மையில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடியவை வேறு: கேள்வி நேரத்தில் கேட்ட கேள்வி, அதற்கு அமைச்சர் தந்த பதில், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கையில் தொகுதிக்காகப் பேசியது, மசோதா விவாதத்தில் கேட்ட திருத்தம். திருத்தம் ஏற்கப்படவில்லையா? அதையும் எழுதுங்கள். ‘கேட்டேன், கிடைக்கவில்லை’ என்று எழுதும் உறுப்பினரை மக்கள் மட்டமாக நினைக்க மாட்டார்கள். மசோதாவை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எம்.எல்.ஏ. ஒப்புக்கொள்ள மாட்டார், தெரியும். கடிதத்தைப் படிப்பவர்களில் அவருக்கு வாக்களிக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அவர்தான் உறுப்பினர் என்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கூட்டத்தொடர் முடிந்த பிறகு ஏன் எழுதுகிறீர்கள்? நம் பேரவையில் பல மசோதாக்கள் அறிமுகமான சில நாட்களிலேயே, மசோதாவை ஆராயும் தேர்வுக் குழுவுக்குப் போகாமலே, கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிவிடுகின்றன. மக்களுக்குச் சேதி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அறிமுகமாகும் அன்றைக்கே உறுப்பினர் கைக்கு மசோதாவின் நகல் வந்துவிடும். அதன் பின்பக்கத்தில் நோக்கக் காரண விளக்கவுரை இருக்கும், ஒரு பக்கம்தான். அன்று மாலையே நான்கு வரியில், ‘இப்படி ஒரு மசோதா வந்திருக்கிறது, இன்னாருக்குப் பொருந்தும், உங்களுக்கு இதில் சிக்கல் இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்’ என்று ஊர்க் குழுக்களின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். விசைத்தறிக்காரருக்கு, ஆட்டோ ஓட்டுநருக்கு, கடை வைத்திருப்பவருக்கு அந்த மசோதாவில் எது இடிக்கும் என்று சட்டத்துறைக்குத் தெரியாதது தெரியும். அதில் ஒன்றை எடுத்து உங்கள் எம்.எல்.ஏ. மறுநாள் விவாதத்தில் எழுந்து கேட்டால், அது அவை நடவடிக்கைக் குறிப்பில் நிரந்தரமாக நிற்கும். நான் பணியில் இருந்தபோது ஓர் உறுப்பினர் மசோதா நகலின் ஓரத்திலேயே பென்சிலால் ஊர்ப் பெயர்களை எழுதி வைத்திருப்பார். ‘இந்த உட்பிரிவைப் பற்றி இந்த ஊர்க்காரர் கேட்டார்’ என்று அர்த்தம். அவர் எழுந்தால் அமைச்சர்கள் கவனமாகக் கேட்பார்கள். இரண்டு பக்கக் கடிதத்தைவிட அந்த நான்கு வரி அதிகம் சாதிக்கும்.

மொழியைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். எழுதியதை உங்கள் அலுவலகத்தில் டீ கொண்டுவருபவருக்கு வாசித்துக் காட்டி, ‘இப்ப நீங்க என்ன செய்யணும்?’ என்று கேளுங்கள். அவர் தவறாகச் சொன்னால் கடிதத்தில்தான் தவறு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, அடுத்த கூட்டத்தொடருக்குக் காத்திருக்காமல் ஒரு திருத்தக் கடிதம். முதல் கடிதம் போன எல்லா ஊருக்கும் அதுவும் போக வேண்டும். ‘சென்ற கடிதத்தில் நாங்கள் எழுதியது தவறு’ என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும், கீழே எம்.எல்.ஏ.வின் கையெழுத்து இருக்கட்டும். மசோதா இன்று எங்கே நிற்கிறது என்பது இரண்டாம் வரி. அலைந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பது மூன்றாவது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், படமும் வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு மட்டும் கடிதம் போதாது. நீங்களே நேரில் போங்கள். அவர் பையில் என்னென்ன ஆவணம் இருக்கிறது, என்ன குறைகிறது என்று பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருமானச் சான்றோ வாரிசுச் சான்றோ எப்படியும் தேவைப்படும் என்றால் இப்போதே விண்ணப்பிக்க உதவி செய்யுங்கள். அவருடைய போன் எண்ணை அந்த மசோதாவின் கோப்பிலேயே குறித்து வையுங்கள். அமல் தேதி அரசிதழில் வரும் நாளில், கடிதம் அச்சுக்குப் போவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.